நாலு லட்சத்தில் சூரிச் போய் வர முடியுமா?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"எங்கள் ஒரே மகள் ஸ்விட்சர்லாந்தில் சூரிச்சில் முதுகலை படிக்கிறாள். வருகிற செப்டம்பரில் நானும் மனைவியும் எட்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வர ஆசை. விமான டிக்கெட் உட்பட எங்களால் ஒதுக்க முடிந்தது நாலு லட்சம். ஒரு டிராவல் ஏஜென்டிடம் கேட்டோம். நாடு முழுக்க ரயிலில் சுற்றும் ஸ்விஸ் பாஸ், யுங்ஃப்ராவ் பனிமலை எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் ஆகும், அதற்குக் குறைத்துப் போனால் பட்டினிதான் என்கிறார். மகளோ தன் விடுதியில் விருந்தாளி தங்க முடியாது என்கிறாள். நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. போகலாமா, இல்லை அவள் படிப்பு முடித்து வரட்டும் என்று இருந்துவிடலாமா? இன்னொன்று, மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ எடுத்துப் போக வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள்."

ஐயா, வணக்கம். போகலாம். பால்கோவா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதில்தான் கொஞ்சம் சிக்கல்.

ஏஜென்ட் சொன்ன ஆறரை லட்சம் பொய்க்கணக்கு இல்லை. அவர் போட்டது சுற்றுலாப் பயணியின் கணக்கு. நீங்கள் போவது மகளைப் பார்க்க. அந்த ஊரில் பணத்தைத் தின்பவை மூன்றே மூன்று: படுக்கும் கட்டில், உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு, பனிமலை ஏறும் ரயில். மற்றபடி ஏரி, ஆறு, காடு, குடிதண்ணீர் எல்லாம் ஊருக்குப் பொதுவானவை. காசு கேட்க மாட்டார்கள். டிராமும் ரயிலும் நாள்சீட்டு வாங்கத் தெரிந்தவருக்கு அவ்வளவு பாரமில்லை. அந்த மூன்றை மட்டும் கட்டுக்குள் வைத்தால் போதும்.

முதலில் கணக்கு. அந்த நாட்டுப் பணமான பிராங்க் ஒன்றை 110 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போகும் நாளில் ஏறலாம், இறங்கலாம். சென்னையிலிருந்து ஒரு இடத்தில் இறங்கி மாறும் விமானம், முன்கூட்டியே எடுத்தால் இருவருக்கும் சேர்த்து 1,40,000. விசா, காப்பீடு, சென்னைக்குப் போய்வரும் செலவு 35,000. மிச்சம் 2,25,000, அதாவது 2,000 பிராங்குக்குச் சற்று மேல். இதில் ஏழு இரவுக்கு அறை 980, போக்குவரத்து 300, மளிகையும் சாப்பாடும் 280, வெளியே ஒரு நல்ல சாப்பாடும் சில காபியும் 100, நுழைவுக் கட்டணங்கள் 50. கூட்டினால் 1,710. கையில் 300 பிராங்குக்கு மேல் நிற்கும். அதைத் தொடாமல் வையுங்கள். அறை வாடகை நான் போட்டதைவிட ஏறிவிட்டால் அந்தப் பணம்தான் காப்பாற்றும்.

விசாவுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் இருக்கிறது. ஆகவே ஷெங்கன் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சொந்தச் செலவில் வருகிறவர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 பிராங்க் காட்ட வேண்டும் என்பது அங்கே அளவுகோல். இருவருக்கு எட்டு நாள் என்றால் 1,600. உங்களிடம் அதற்கு மேலே இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று கணக்கில் வந்து விழுந்ததாக இருக்கக் கூடாது. ஓய்வூதியம் ஏறும் கணக்கிலேயே சில மாதம் நிற்கட்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் பயணத்துக்கு மே, ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அறை. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் இன்றே ஒன்றைப் பிடித்துப் போடுங்கள். விசாவுக்கும் அந்தச் சீட்டு தேவைப்படும். பிறகு மலிவாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். சூரிச்சில் நட்சத்திரம் எண்ணாதீர்கள். இளைஞர் விடுதி என்று பெயர் இருந்தாலும் வோலிஸ்ஹோஃபன் பகுதியில் இருக்கும் விடுதியில் அறுபது வயதுக்காரர்களும் தங்குகிறார்கள். இருவர் அறையும் உண்டு. ஊருக்குள் எதுவும் படியவில்லை என்றால் 25 நிமிட ரயில் தொலைவில் வின்டர்தூர் இருக்கிறது. ஜெர்மனி எல்லை தாண்டி கான்ஸ்டன்ஸில் தங்கினால் இன்னும் மலிவு என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம், அதற்குத் தனி டிக்கெட். மகளைப் பார்க்கப் போய்விட்டு ரயிலைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். வேண்டாம்.

மகள் விடுதியில் தங்க முடியாது, சரி. சமைக்க முடியுமா என்று கேட்டீர்களா? மாணவர் விடுதிகளில் பொதுச் சமையலறை இருக்கும். விருந்தாளி படுக்கக் கூடாது என்கிற விடுதியில்கூட, பகலில் அம்மா வந்து மகளுக்குச் சமைத்துப் போடுவதை யாரும் தடுப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் சமையலறை உள்ள அறை தேடிக் கூடுதல் வாடகை கொடுக்காமல், மகள் விடுதிக்கு டிராமில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய சாதாரண அறையைப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: அம்மா அங்கே எண்ணெய் புகைய மிளகாய் தாளிக்க வேண்டாம். புகை உணர்கருவி கத்தினால் மொத்த விடுதியும் படியிறங்கி வாசலில் நிற்கும். ஹோட்டல் அறைக்குள் ரைஸ் குக்கர் வைப்பதும் கூடாது. நம் ஊர் மூன்று முள் பிளக்கும் அங்கே சேராது; மெல்லிய இரண்டு முள் உள்ளது சேரும்.

இனி சாப்பாடு. மிக்ரோஸ், கோப் என்ற இரண்டு பெரிய கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும். மிக்ரோஸில் எம்-பட்ஜெட் என்று பச்சை உறையிலும், கோப்பில் ப்ரிக்ஸ் காரன்டி என்று இளஞ்சிவப்பு உறையிலும் மலிவு விலைச் சரக்கு கிடைக்கும். அரிசி, ரொட்டி, பால், தயிர், கேரட், தக்காளி எல்லாம் அதில் எடுங்கள். மிக்ரோஸ் பிறந்த கதையே இதுதான். 1925-ல் கோட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து ஃபோர்டு லாரிகளில் ஆறே சரக்கை ஏற்றிக்கொண்டு, கடைக்காரர் லாபம் இல்லாமல் தெருவில் நின்று விற்க ஆரம்பித்தார். காபி, சர்க்கரை, பாஸ்தா, சோப்பு, அரிசி, தேங்காய்க் கொழுப்பு. கடைசி இரண்டும் நமக்கும் வேண்டப்பட்டவை. தயிர் வாங்கும்போது 'நாட்டூர்யோகுர்ட்' என்று எழுதியிருப்பதை எடுங்கள், இனிப்பு சேராதது. தயிர்சாதத்துக்குப் பழுதில்லை.

நீங்கள் கறாரான சைவம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். க்ருயேர், எம்மென்டால் போன்ற அங்கத்துப் பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். பெரும்பாலானவருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சாப்பிடுவார்கள். உங்களுக்கு அது உறுத்தும் என்றால், மஞ்சள் நிறத்தில் இலையோடு கூடிய 'வி' முத்திரை இருக்கிறதா என்று உறையில் பாருங்கள். இருந்தால் சைவம். முட்டை சேர்ந்ததா என்பதை மட்டும் மகளிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் கடை மூடும் நேரத்தை ஒட்டிப் போனால் அன்றைக்கு விற்றுத் தீராத ரொட்டி, சாலட், சாண்ட்விச் மேலெல்லாம் ஊழியர் ஒருவர் விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வருவார். 25 சதவீதம், சிலது 50. அவருக்குப் பின்னால் கோட்டு சூட்டுப் போட்ட வங்கிக்காரரும் கூடையோடு நிற்பார். நீங்களும் கூச்சப்படாமல் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பெரிய ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்திலும் இருப்பவை மட்டும் திறந்திருக்கும், கூட்டம் நெரியும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். ஊருக்குள் 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் இருக்கின்றன. சிங்க முகத்திலிருந்தும் பித்தளைக் குழாயிலிருந்தும் பகலும் இரவும் கொட்டிக்கொண்டே இருக்கும், குடிக்கிற தண்ணீர். 'காய்ன் ட்ரிங்க்வாஸர்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. உணவகத்தில் உட்கார்ந்தால் குழாய்த் தண்ணீருக்கே பில் போடும் இடங்கள் உண்டு.

ஒருநாள் மட்டும் வெளியே சாப்பிடுங்கள். 1898-லிருந்து நடக்கும் ஹில்ட்ல் என்ற சைவ உணவகம் இருக்கிறது. உலகின் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸில் பதிவு. நம் ஊர்ப் பதார்த்தங்களும் கிடைக்கும். பஃபேயில் தட்டை எடை போட்டுக் காசு வாங்குவார்கள். சாதத்தையும் குழம்பையும் குவித்தால் எடை எகிறும். நம் வீட்டில் செய்ய முடியாத நாலு ஐட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போக்குவரத்துக்கு வருகிறேன். எட்டு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் ஒருவருக்கு 400 பிராங்கைத் தாண்டும். தினம் ஒரு ஊர் ஓடுகிறவருக்கு அது லாபம். மகளோடு ஏரிக்கரையில் உட்காரப் போகிற உங்களுக்கு வீண். ஊருக்குள் சுற்ற 24 மணி நேரச் சீட்டு, ஒருவருக்கு 9 பிராங்க் அளவில். முத்திரை விழுந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பதால் காலை 11 மணிக்கு எடுத்தால் மறுநாள் 11 வரை ஓடும். இதை வைத்தே எட்டு நாளுக்கு எட்டு சீட்டு வாங்காமல் தப்பிக்கலாம். விமான நிலையம் அடுத்த கட்டண மண்டலம், அதற்கு 7 பிராங்க் அளவில் தனிச் சீட்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஊருக்குள் இருப்பீர்கள். டாக்சிப் பக்கம் திரும்ப வேண்டாம்.

சூரிச் மாநிலம் முழுவதும் செல்லும் '9 மணிப் பாஸ்' என்று ஒன்று இருக்கிறது. வார நாளில் காலை 9-க்குப் பிறகுதான் செல்லும்; சனி, ஞாயிறு நாள் முழுக்க. விலை 30 பிராங்கை ஒட்டி வரும். நான் முதல் தடவை போனபோது 'ஒன்பது மணிக்கு இறங்கப் போகிறோம், ஒன்பது மணிப் பாஸ் போதும்' என்று எனக்கு நானே அர்த்தம் செய்துகொண்டு 8.40 வண்டியில் ஏறிவிட்டேன். பரிசோதகர் கோபப்படவே இல்லை. கைக்கடிகாரத்தைக் காட்டினார், ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அந்த ஊரில் நுழைவாயில் தடுப்பு எதுவும் கிடையாது. அதனால் யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தண்டம் இப்போது 100 பிராங்க் அளவு. ஒரு நாள் அறை வாடகையில் முக்கால் பங்கு.

அந்தப் பாஸை ரைன் அருவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். உயரத்தில் நம் குற்றாலத்துப் பேரருவிக்கே ஈடு கிடையாது, ஆனால் அகலமும் தண்ணீரின் கனமும் வேறு. லாஃபன் கோட்டைப் பக்கம் மேடையில் இறங்கிப் பார்க்க 5 பிராங்க். ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் அக்கரைக்குப் போய்விட்டால் காசே இல்லாமல் முழு அருவியும் எதிரே நிற்கும்.

நான் உங்களுக்கென்று போட்டு வைத்திருக்கும் நாள் ஒன்று உண்டு. ஊட்லிபெர்க் என்று ஊரை ஒட்டிய குன்று. 870 மீட்டர். பெரிய நிலையத்திலிருந்து எஸ்10 ரயில் உச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். மேலே நின்றால் ஒரு பக்கம் ஏரி, ஊர், வானம் தெளிவாக இருந்தால் தொடுவானம் முழுக்கப் பனிமலை வரிசை. யுங்ஃப்ராவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்தக் காட்சிக்குத்தான் போகிறது. அங்கிருந்து ஃபெல்சனெக் வரை முகட்டிலேயே 'கோள் பாதை' என்று ஆறு கிலோமீட்டர் நடைவழி. பெரிய ஏற்றம் கிடையாது, இரண்டு மணி நேரம். சூரிய மண்டலத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வழியெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாம் முதல் சில நிமிடத்திலேயே வந்துவிடும். சனி வருவதற்குள் கால் வலிக்க ஆரம்பிக்கும். நம் ஆட்கள் அந்த இடத்தில் ஒரு ஜோக் அடிக்காமல் நகர்வதில்லை. கடைசியில் புளூட்டோவைத் தாண்டினால் கம்பிவட வண்டி. அது அட்லிஸ்வில் என்ற சிற்றூரில் இறக்கிவிடும்.

அட்லிஸ்வில்லில் சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்கள் நடத்துவது. குன்றிலிருந்து இறங்கி நேரே முருகன் சந்நிதிக்குப் போய் நிற்பீர்கள். நடை திறக்கும் நேரத்தை மகளை முன்னதாக விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். திரும்ப எஸ்4 ரயில். ரயில், கம்பிவட வண்டி எல்லாவற்றுக்கும் மண்டலம் சேர்த்த ஒரே நாள்சீட்டு, ஒருவருக்கு 20 பிராங்குக்குள் முடியும்.

யுங்ஃப்ராவ் ரயில் போய் நிற்பது 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிலையம். முழுக் கட்டணத்தில் கீழே இருக்கும் இன்டர்லாக்கன் என்ற ஊரிலிருந்து போய்வரவே ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல். இருவருக்கு 44,000 ரூபாயைத் தாண்டும். மேகம் மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வரலாம். என் கருத்து, இந்தத் தடவை வேண்டாம். பனிமலையை அண்ணாந்து பார்த்தால் போதும் என்றால், 'சேவர் டே பாஸ்' என்று நாடு முழுக்கச் செல்லும் ஒருநாள் சீட்டு இருக்கிறது. முன்னதாக எடுத்தால் 52 பிராங்கிலிருந்து கிடைக்கும். நாள் நெருங்க நெருங்க ஏறும். அதை வைத்து லவுட்டர்புருனன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஸ்டவ்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து காற்றில் தூளாகி விழுகிறது. கீழே தெருவிலேயே நின்று பார்க்கலாம். திரும்பும் வழி பெர்ன். நேரம் இருந்தால் அந்த ஊரின் ஒய்ரோப்பாபிளாட்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். 2014-ல் திறந்த 'சமயங்களின் இல்லம்' அங்கே இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் மசூதி, தேவாலயம், பௌத்தர் கூடம், அவற்றோடு நம் சிவன் கோயில், தமிழில் வழிபாடு.

ஊருக்குள் பார்க்க வேண்டியதை மகளே காட்டுவாள், நீட்டவில்லை. ஃபிரவ்முன்ஸ்டர் தேவாலயத்துக்கு 5 பிராங்க் கொடுத்து உள்ளே போங்கள், ஓவியர் ஷகாலின் ஐந்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்காக. காலை வெயிலில் போனால் நல்லது. குன்ஸ்ட்ஹவுஸ் ஓவியக்கூடத்தின் நிரந்தரத் தொகுப்பு புதன்கிழமைகளில் இலவசம்; திங்கட்கிழமை மூடியிருக்கும். அதன்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் பணம் கட்டும்போது இயந்திரம் 'ரூபாயிலா, பிராங்கிலா' என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தது மாதிரி கை அங்கே போகும். பிராங்கையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் வைத்ததுதான் சட்டம்.

இப்போது பால்கோவா. ஐரோப்பிய ஒன்றியத்தையும் சில அண்டை நாடுகளையும் விட்டால் மற்ற நாடுகளிலிருந்து பால், இறைச்சி சேர்ந்த எதையும் பயணி ஸ்விட்சர்லாந்துக்குள் எடுத்துப் போகக் கூடாது. பால்கோவா, நெய், நெய்யில் செய்த மைசூர்பாகு, தயிர் மிளகாய் எல்லாம் இதில் அடக்கம். பிடித்தால் கண்ணெதிரே குப்பையில் போடுவார்கள். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். கறிவேப்பிலை அங்கே தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும், லாங்ஸ்ட்ராஸே பக்கம் போனால். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வற்றல் ஆகியவை மோர் சேராதவையாக இருந்தால் பிரச்சினை இல்லை; புளிக்காய்ச்சல் மட்டும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போகட்டும். பால்கோவாவுக்குப் பதில் சாத்தூர் சேவும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் இரண்டிரண்டு கிலோ கட்டச் சொல்லுங்கள். சேவு நெய்யில் பொரித்ததா, எண்ணெயில் பொரித்ததா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.